கெட்டுப்போன தெர்மாமீட்டர்

பள்ளத்தூர். எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
நேற்றுச் சாயங்காலமே மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன்:
தலைமையாசிரியர் அறைக்குப் பதித்ததில் மிஞ்சிய
ஓர் ஆத்தங்குடிக் கல்,
கோரைப்பாய்த் துண்டு,
சத்துணவுக் கூடத்து எவர்சில்வர் தட்டு,
யாரோ விட்டுப்போன கம்பளி மப்ளர்.
ராத்திரி முழுக்க நான்கும்
பூட்டிய அறையின் ஒரே இருட்டில் கிடந்தன.

காலையில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள்.
தட்டுதான் ஆகக் குளிர்ச்சி என்றாள் வைரவி.
அதற்கடுத்தது கல்லு.
பாய் பரவாயில்லை.
மப்ளர் சூடு, அதிலென்ன சந்தேகம்,
சூடில்லாமலா கழுத்தில் சுற்றுகிறார்கள்?
அவர்கள் சொன்ன வரிசையிலேயே போர்டில் எழுதினேன்.

பதினொரு வருஷமாக இந்த இடத்தில்தான்
குறுக்கே புகுந்து திருத்துவேன்.
உலோகம் எளிதில் கடத்தி, கம்பளி அரிதில் கடத்தி,
அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.
போட்டுக்கொண்டார்கள்.
இரண்டு மார்க் வாங்கினார்கள்.
மணியடித்ததும் வெளியே போய்
கம்பளிக்குள் சூடு குடியிருப்பதாகவே நம்பினார்கள்.
இன்றைக்கு வாயைக் கட்டிக்கொண்டேன்.

சேவுகப்பெருமாள் தெர்மாமீட்டரோடு கிளம்பினான்.
தட்டில் இருபத்தொன்பது.
கல்லில் இருபத்தொன்பது.
பாயைச் சுருட்டி உள்ளே விட்டான், அதேதான்.
மப்ளருக்குள் செருகி நூறு வரை எண்ணி,
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து,
மறுபடி செருகி இன்னொரு நூறு எண்ணினான்.
இருபத்தொன்பது.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு டீச்சர்."
அலமாரியிலிருந்து வேறொன்று கொடுத்தேன்.
"இதுவும் கெட்டது."
மூன்றாவது புத்தம்புதுசு, உறை பிரிக்காதது.
என்னைக் கடையில் ஏமாற்றிவிட்டார்களாம்.
காரைக்குடியில் அவன் சித்தப்பாவுக்குத்
தெரிந்த கடை இருக்கிறதாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் கையை
ஒரு கண்ணாடிக் குச்சிக்காக
யார் விட்டுக்கொடுப்பார்கள்?

புதுவயல் சாலை சர்பத் கடையிலிருந்து
ஷர்மிளா பானு தூக்குவாளியில் ஐஸ் கொண்டுவந்தாள்.
பாதி வழியிலேயே தண்ணீர்.
மிச்சத்தில் ஒரே அளவாய் இரண்டு கட்டி பொறுக்கி
ஒன்றைக் கல்மேல், ஒன்றைப் பாய்மேல் வைத்தேன்.
எது முதலில் கரையும்? கை தூக்குங்கள்.
பாய்க்கு முப்பத்தொரு கை.
கடைசி பெஞ்ச் நாச்சாள் மட்டும்
கையைப் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

கல்மேல் இருந்தது தன் காலடியில் தானே ஊறி
வழுக்கிக்கொண்டு போய்
சிவப்புப் பூவைத் தாண்டி, மஞ்சள் ஓரத்தைத் தாண்டிச்
சொட்டத் தொடங்கியது.
பாய்மேல் இருந்தது குத்துக்கல்லாய் உட்கார்ந்திருந்தது.
ஒருவரும் பேசவில்லை.
பக்கத்து வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டது,
தப்பாக.

"குளிர்ந்த கல்லு எப்படி டீச்சர் ஐஸை உருக்கும்?"
சேவுகன் சண்டைக்கே வந்துவிட்டான்.
நாச்சாள் எழுந்து வந்து
உள்ளங்கையைக் கல்லில் அழுத்தி
கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.
"ஐஸுக்கு இது குடுக்குது" என்றாள்.
"நம்மகிட்ட பிடுங்குது."

சாக்பீஸை எடுத்தேன். வைத்துவிட்டேன்.
முப்பத்திரண்டு பேரில் ஏழெட்டுப் பேர்
உள்ளே போயிருப்பார்கள்.
மற்றவர்கள் வாசலில் நிற்கிறார்கள்,
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று.
நிற்கட்டும்.

மத்தியானச் சாப்பாட்டு வரிசையில்
தட்டை நெஞ்சோடு அணைத்தபடி சேவுகன் வந்தான்.
"அப்படீன்னா டீச்சர்,
காய்ச்சல்னா எங்கம்மா நெத்தியில கை வச்சுப் பாக்குமே,
அதுவும் தப்பா?
பாத்திரம் கழுவுன ஈரக் கையோட வைக்கும்."

என் பையில் அதற்குத் தயாராய் எதுவும் இல்லை.
வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் எடுத்துக்கொண்டு போ,
கழுவுவதற்கு முன்னால் ஒரு தடவை,
கழுவிய பின் ஒரு தடவை அம்மாவை வைக்கச் சொல்,
மூன்றில் எது வேண்டும் என்றேன்.
சாம்பார் ஊற்றும்வரை யோசித்தான்.
முதலாவதைக் கேட்டான்,
கெட்டுப்போனதை.